கரும்பலகையில் நிற்கும் வரி

வியாழன், கச்சிராயபாளையம்.

வெள்ளிமலைப் பள்ளியில் இன்று பத்தாம் வகுப்புக்கு அணி இலக்கணம் திருப்புதல். உயர்வு நவிற்சிக்கு எடுத்துக்காட்டாக, கேட்டால் நம்பவே முடியாதபடி ஒன்று சொல்லுங்கள் என்றேன். மல்லிகா எழுந்தாள்.

“எங்கம்மா மூஞ்சியே எனக்கு மறந்துபோச்சுங்க மிஸ்.”

“நல்லா மிகைப்படுத்துற!” என்று பாராட்டி, அதையே கரும்பலகையில் எழுதினேன். யாரும் கைதட்டவில்லை. எனக்கு உறைக்கவும் இல்லை.

சாயங்காலம் மலையிறங்கும் பஸ்ஸுக்கு நின்றபோது அவளுடைய தோழி வந்து சொன்னாள்: “அது நெசந்தாங்க மிஸ். அவங்கம்மா கேரளாவுக்கு மொளகு பறிக்கப் போனவங்க அங்கியே தங்கிக்கினாங்க. ரெண்டு வருசமா வரவேயில்லீங்க.”

பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.

பலகையில் அந்த வரி அப்படியே இருக்கிறது, மேலே ‘உயர்வு நவிற்சி’ என்ற தலைப்போடு. வகுப்புச் சாவி மல்லிகாவிடம். காலையில் முதலில் உள்ளே போகிறவள் அவள்தான்.