ஓடைக்குப் போடாத ஓட்டு

16.9.2001, ஞாயிறு
தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. சர்ச் முடிந்து வந்து காலிக் குடங்களை வரிசையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு ரஃபத் ஜஹான் வந்தாள். ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். எங்கள் வார்டை இந்தத் தடவை பெண்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்களாம், கவுன்சிலருக்கு நிற்கப் போகிறாளாம். சுயேச்சையாக.

"தமிழ்ல எழுத எனக்கு வராது டீச்சர். நோட்டீஸ் நீங்க எழுதித் தரணும்."

சரி என்றேன். யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

20.9.2001
நோட்டீஸில் என்ன எழுதுவது என்று கேட்டால் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்கிறாள். ஏரியிலிருந்து உபரித் தண்ணீர் பாலாற்றுக்குப் போகும் ஓடையைத் தூர்க்கவிடக் கூடாது. கம்பெனி இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்திருக்கிறாள். ஏரிப்பக்கம் இருபத்திரண்டு அடி, ரயில்வே கேட் பக்கம் எட்டடி.

மூன்று வருஷமாக மழையே இல்லாத ஊரில் வெள்ளத்தைப் பற்றிப் பேசினால் யார் கேட்பார்கள் என்றேன்.

"மழை இனிமே முன்ன மாதிரி வராது டீச்சர். வராமலே இருக்கும், வந்தா மொத்தமா கொட்டும். அது போறதுக்கு வழி வேணும். நிக்கறதுக்கு ஏரி வேணும். நம்ம கிணத்துத் தண்ணி டேனரிக் கழிவுல கெட்டது போதாதா?"

எதிர்த்து நிற்பது அமிர்தவள்ளி. பிளாட் போட்டு விற்கும் பச்சையப்பனின் மனைவி. பேசுவதெல்லாம் பச்சையப்பன்தான். தெருவுக்கு ஒரு போர்வெல், சிமென்ட் ரோடு என்று வாக்குறுதி. அந்த அம்மா பக்கத்தில் கும்பிட்டபடி நிற்கிறாள்.

ரஃபத்திடம் ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. ஓடையை ஒட்டிப் பச்சையப்பன் போட்டிருக்கும் லே-அவுட்டில் எங்களுக்கும் ஒரு மனை இருக்கிறது.

14.10.2001
என் வீட்டுக்காரரிடம் பேசினேன். டேனரியில் இருபது வருஷம் சாய நெடியில் நின்றவர். வாடகை வீட்டில் சாகக் கூடாது என்பது மட்டும்தான் அவருடைய ஆசை. கட்டாயப்படுத்தவில்லை.

"உன் இஷ்டம், இவா. ஆனா ரஃபத் ஜெயிச்சு மனைக்கு அப்ரூவல் நின்னுபோச்சுன்னா நாம எங்க போறது?"

16.10.2001
ஓட்டுப் போட்டாயிற்று. மறைப்புக்குப் பின்னால் முத்திரையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேனாம், கிளார்க் கூப்பிட்டார். அமிர்தவள்ளிக்குப் போட்டேன்.

வெளியே ரஃபத் வெயிலில் நின்றிருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் விரல் மையைப் பார்த்துச் சிரித்தாள்.

21.10.2001
பதினொரு ஓட்டில் தோற்றாள்.

12.6.2003
ஜெபம் பண்ணிப் புது வீட்டுக்குக் குடி வந்தோம். அவர் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடை இப்போது ரோட்டுக்கடியில் இரண்டு சிமென்ட் குழாய். ரஃபத் அவருக்கும் எனக்கும் எங்கள் பெண் கரோலினுக்கும் செருப்பு கொண்டுவந்தாள். அந்தக் குழாய்களைக் குனிந்து பார்த்துவிட்டு, வீடு நல்லா காத்தோட்டமா இருக்குது என்று மட்டும் சொன்னாள்.

27.11.2005
அவர் இல்லை.

4.12.2005
எழுதினாலாவது நெஞ்சு அடங்குமா பார்க்கிறேன்.

இரண்டு நாள் விடாத மழை. ஏரி நிரம்பியது என்று ஊரே சந்தோஷப்பட்டது, நானும்தான். ஞாயிறு காலை ஐந்தரை மணிக்குக் கட்டில் காலில் தண்ணீர். குழாய் அடைத்துக்கொண்டு வெள்ளம் எங்கள் வரிசைக்குத் திரும்பிவிட்டது. நானும் கரோலினும் மாடிக்கு ஏறிவிட்டோம். படிப்பை முடித்து ஆஸ்பத்திரியில் சேரவேண்டிய பெண், அவளுடைய சர்டிபிகேட்டெல்லாம் கீழே பீரோவில். எடுத்துட்டு வந்துர்றேன் என்று இறங்கினார். கரண்ட் மெயினை ஆஃப் பண்ணலியே, நான் கத்தினேனா இல்லையா, கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன் – மழைச் சத்தத்துல கேக்கலியா – ஏன் நான் அவரை வுட்டேன்?

ரஃபத்தான் நாலு பெண்களோடு கயிறு கட்டிக்கொண்டு இடுப்புத் தண்ணீரில் வந்து எங்களை இறக்கினாள். அவரையும் அவர்கள்தான் தூக்கினார்கள். ஒரு வாரமாக அவள் வீட்டில் இருக்கிறோம். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை, ஒரு பார்வை – கிடையாது. அதுதான் தாங்க முடியவில்லை.

24.9.2006, ஞாயிறு
தேர்தல் வருகிறது. ரஃபத் மறுபடி நிற்கிறாள். இந்தத் தடவை எல்லோரும் அவள் பக்கம். என்னைத் தெருத் தெருவாகக் கூட்டிப் போய்ப் பேசவைக்க வேண்டும் என்கிறார்கள். ஓடையால் தாலி இழந்தவள் பேசினால் ஓட்டு விழுமாம்.

அவள் வீட்டுக்குப் போய், அவள் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும்போது சொல்லிவிட்டேன். போன தடவை உனக்கு நான் போடவில்லை ரஃபத்.

மிஷின் நின்றது. தைத்ததைப் பிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"பதினோரு பேர்ல ஒருத்தர் நீங்களா. மீதிப் பேரு யாருன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அவங்க கிட்டயும் பேசிட்டுதான் இருந்திருப்பேன்." பிரித்த நூலைச் சுருட்டிக்கொண்டே, "இன்னிக்கு வேணாம் டீச்சர், நீங்க போங்க" என்றாள்.

3.10.2006
ஒன்பது நாளாக ரஃபத் வரவில்லை. நானே போய் அவளுடைய பிரசாரக் கூட்டத்தில் பேசினேன். நான் யாருக்குப் போட்டேன், ஏன் போட்டேன் என்பதையும் மைக்கிலேயே சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. அமிர்தவள்ளி தன் வீட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

18.10.2006
ஜெயித்துவிட்டாள். சாயங்காலம் மாலையோடு வந்து என் தோளில் சாய்ந்து நின்றாள்.

9.1.2007
சர்வேயர் வந்தார். ஓடையைப் பழைய அகலத்துக்கு எடுக்க நகராட்சியில் தீர்மானம் ஆகிவிட்டது. இடிக்க வேண்டிய ஒன்பது வீடுகளில் சிவப்புக் கோடு. எங்கள் வீட்டில் முன்னறை, சமையலறை, பாதிப் படுக்கையறை எல்லாம் கோட்டுக்குள்.

ரஃபத் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வா என்றேன். வரவில்லை. கண்ணைப் பார்க்காமல் கேட்டாள்.

"இந்த இடத்துல கொஞ்சம் வளைச்சுக் கொண்டுபோலாம்னு சர்வேயர் சொல்றாரு. உங்க வீடு தப்பிச்சுடும். நீங்க சரின்னா நான் பேசறேன் டீச்சர்."

வளைத்தால் தண்ணீர் எங்கே மோதும் என்று கேட்டேன். பின்தெருவைக் காட்டினாள். அங்கே ஒரு பெண் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"நேராவே போவட்டும் ரஃபத்."

சர்வேயர் நீட்டிய சம்மதப் படிவத்தை வாசல் திண்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். பெயர் எழுதும் இடத்தில் வீட்டுக்காரர் தேவசகாயம் என்று அவர் பெயரே இருந்தது. அதை அடிக்காமல் அதற்குக் கீழே இவா என்று என் பெயரை எழுதினேன். சத்துவாச்சாரியில் கரோலின் ஒரு வாடகை வீடு பார்த்திருக்கிறாள். வியாழக்கிழமை வண்டி வருகிறது.