சீத்தாக்காயின் துவர்ப்பு

செப்டம்பர் 9, இரவு

சீத்தாப்பழம் பழுக்கப் பழுக்க அதிலுள்ள ஆன்டிஆக்ஸிடன்ட் கூடுகிறதா குறைகிறதா என்பது என் ஆராய்ச்சி. இளங்காய், முற்றிய காய், பழம் என்று மூன்று பைகள். மலையில் குப்பம்மாக்கா தன் மரத்திலிருந்து பறித்துத் தருவார்.

இன்று அக்கா பையைக் கட்டும்போது பார்த்துவிட்டேன். நான் பொறுக்கிவைத்த இளங்காய்களை எடுத்துவிட்டு, கண் விரிந்த காய்களைப் போட்டுக்கொண்டிருந்தார். தோலிலுள்ள கண்களுக்கு நடுவே இடைவெளி விரிந்தால் காய் முற்றிவிட்டது, இரண்டு மூன்று நாளில் பழுத்துவிடும்.

"இன்னாக்கா இது?"

"வூட்டுக்கு வந்த பொண்ணுக்கு எளங்காயக் குடுத்து அனுப்புவாங்களா? பழுக்கவே பழுக்காது, தொவக்கும். போன தபாவும் நான்தாம்மா மாத்தி வெச்சேன்."

துவர்ப்பைத் தரும் பொருளே ஓர் ஆன்டிஆக்ஸிடன்ட்தான்; அந்தத் துவர்ப்புக்காகத்தானே நான் மலை ஏறி வருகிறேன்! போன தடவை நானும் கவனிக்கவில்லை. அப்போது எனக்கு எல்லாமே பச்சைதான்.

அந்தப் பையைச் சோதித்துத்தான் இளங்காய்க்கும் முற்றிய காய்க்கும் வித்தியாசமே இல்லை என்று எழுதினேன். "புதுசா இருக்கேம்மா" என்று பேராசிரியர் மெச்சினார். கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பியும் விட்டார்.

அக்காவிடம் "பரவாயில்லக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். பேராசிரியரைக் கூப்பிட நாலு முறை போனை எடுத்து வைத்துவிட்டேன்.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அதுதான் தூங்கவிடவில்லை.