ஒரே ஊசி

அன்புத் தம்பிக்கு,

நேற்று மன்சூரா நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்க் கல்லீரலுக்கு ஸ்கேன் எடுத்தேன். டாக்டர் பெண் வலது விலாவுக்குக் கீழே ஓரிடத்தில் கருவியை வைத்தவள், நெடுநேரம் அதை நகர்த்தவேயில்லை.

"மாத்திரையிலதான் கல்லீரல் வைரஸ் போயிடுச்சேம்மா. இன்னும் எதுக்குப் பாக்குற?" என்றேன்.

"அது போட்ட தழும்பு போகலயே, ஹாஜி. மூச்ச இழுத்துப் பிடிங்க" என்றாள். திரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "அந்தக் காலத்துல பள்ளிக்கூடத்துல வாய்க்கால் தண்ணியில இறங்கினா உடம்புல ஏறுற புழுவுக்கு ஊசி போட்டாங்களே, உங்ககூடப் பொறந்தவங்களும் போட்டுக்கிட்டாங்களா?"



பள்ளிக்கூடத்தில் ஊசி போட்ட அன்று நீ தீவன வயலில் ஒளிந்திருந்தாய். தேடிப் பிடித்து இழுத்து வந்து, வரிசையில் எனக்குப் பின்னால் உன்னை நிறுத்தியவன் நான்தான். என் கையிலிருந்து எடுத்த ஊசியைப் பஞ்சில் துடைத்துவிட்டு உன் கையில் குத்தினார்கள். அன்று நீ அழுத அழுகைதான் நேற்று முழுக்க என் காதில் இருந்தது.

எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. வியாழக்கிழமை பெரிய மெஷினில் இன்னொரு முறை பார்க்க வேண்டுமாம். பிள்ளைகளிடம் சொல்லவில்லை.

குவைத்தில் நீயும் இரத்தம் சோதித்து, ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள். எட்டு வருடக் கோபம் இன்னும் தீரவில்லையென்றால் எனக்குப் பதில் போட வேண்டாம். போய்ப் பார்த்துக்கொண்டால் போதும்.

உன் அண்ணன்