பாரன் தீவு இன்று எப்படி இருக்கிறது

22 செப்டம்பர் 2025, திங்கள்

கல்லூரியில் எரிமலைப் பாடம் நடத்தினேன். அந்தமானின் பாரன் தீவு என்று பலகையில் எழுதியதும் கை நின்றுவிட்டது. தம்பி ஆசிப் வேலை பார்த்த சரக்குப் படகு போன மழைக்காலத்தில் அதன் பக்கத்தில்தான் கவிழ்ந்தது. மற்றவர்கள் கிடைத்தார்கள் — உயிரோடும் இல்லாமலும். அவன் மட்டும் கிடைக்கவில்லை.

செல்லூர் வீட்டுக்குத் திரும்பினால் அம்மாவின் அதே கேள்வி: "இன்னைக்கு அது எப்டி இருக்கு நுஸைபா?" நீந்தித் தீவில் ஏறியிருப்பானாம். கடைக்குப் போனாலும் சாவியை எதிர்வீட்டுப் பாண்டிமீனா அக்காவிடம் கொடுத்துவிட்டுத்தான் போகிறாள். அவன் வந்து வாசலில் நிற்கக் கூடாதாம்.

24 செப்டம்பர்

தீவு மறுபடி கக்குகிறது. அம்மா என் போனை வாங்கி, செய்தியில் வந்த புகைப்படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். எரிமலையையா தேடினாள்?

28 செப்டம்பர்

பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்தார். இறந்தவருக்காக உடல் இல்லாமலே தொழும் காயிப் ஜனாஸாவை ஆசிப்புக்கு வைத்துவிடலாம் என்றார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

புரியவைக்கலாம் என்று நானும் போனேன். பழைய எரிமலை இடிந்து விழுந்த குழி அந்தத் தீவு. சுற்றிலும் செங்குத்துச் சுவர், நடுவே சாம்பல் கூம்பு, கடல்வரை வழிந்து இறுகிய கறுப்புக் குழம்பு. 1832-க்குப் பிறகு நூற்றைம்பது வருடத்துக்கு மேல் மூச்சில்லாமல் கிடந்து 1991-இல் விழித்தது, அதை நம்பவே கூடாது என்றேன். அங்கேதான் காரியம் கெட்டது.

"அம்புட்டு வருசம் சத்தமில்லாம கெடந்தத என்னன்னு நெனச்சீங்க?"

"அணைஞ்சிருச்சுன்னுதான்."

"பெறகு?"

"மாத்தி எழுதுனோம்."

"அப்ப என் மகனுக்கு மட்டும் என்ன அவசரம்?"



1 அக்டோபர்

தீவில் ஆடுகள் திரிவதாக அம்மாவிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "ஆடு எதக் குடிக்குது?" ஊற்று உண்டு என்று படித்திருக்கிறேன். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? — எனக்கே அந்த ஊற்று நினைப்பாக இருக்கிறது, அதனால்தான்.

7 அக்டோபர்

அம்மா இன்று தீவைப் பற்றிக் கேட்கவில்லை. அடுப்படியில் புகை சூழ்ந்தபோது கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உசுரோட இருந்தா அந்தப் பொகைக்குள்ளல்ல கெடப்பான்? வேணாம்டி. ஹஜ்ரத்துட்ட தொழச் சொல்லு."

10 அக்டோபர், வெள்ளி

ஜும்ஆவுக்குப் பின் தொழுதார்கள்.

மாலையில் கோச்சடை மாமா வீட்டுக்குக் கிளம்பினோம். அம்மா கதவைப் பூட்டி, முதல்முறையாகச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். எதிர்வீட்டைப் பார்க்கவே இல்லை. நான் விரும்பியதுதானே இது? தெருமுனை வரைக்கும்தான் தாங்க முடிந்தது. "தண்ணி பாட்டில மறந்துட்டேன், சாவி குடுங்க" என்று வாங்கிக்கொண்டு ஓடினேன்.

எங்கள் கதவைத் திறக்கவில்லை; எதிர்வீட்டுக்குப் போய்ச் சாவியை நீட்டினேன். "ஆசிப் வந்தா குடுங்கக்கா" என்றேன். பாண்டிமீனா அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கி ஆணியில் மாட்டினாள்.

வெறுங்கையோடு திரும்பினேன். அம்மா பாட்டிலையும் கேட்கவில்லை, சாவியையும் கேட்கவில்லை.