எளிய குடும்பம்

மே 4, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் மைக் எழுந்தார். சபைச் செயலாளருக்கு நான் வைத்திருக்கும் பெயர் அது. கையில் மைக் கிடைத்துவிட்டால் பிடுங்குவதற்குத் தனியாக ஆள் வைக்க வேண்டும். கோடை ஊழியம் தொடங்குகிறதாம். பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி, கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுவது, ரத்ததான முகாம், எல்லாம் முடிந்து ஐக்கிய விருந்து. வருடா வருடம் நடப்பதுதான். இந்த வருடம் புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறார்கள்.

"நம்ம சபையிலயே ஒரு எளிய குடும்பத்தோட வீட்டைப் பழுது பார்த்துக் கொடுக்கப் போறோம். யாருன்னு இப்ப சொல்ல மாட்டோம். அவங்க மனசு கூசக் கூடாது பாருங்க."

அன்று வேலை செய்ய வருகிறவர்களுக்கு யாராவது சமைத்துக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று இழுத்தார். பெண்கள் ஐக்கியத்தில் ஒருத்தி அசைய வேண்டுமே! எல்லாருக்கும் திடீரென்று பைக்குள் எதையோ தேட வேண்டியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, "நான் சமைக்கிறேன்" என்றேன். கை தட்டினார்கள். மைக் மட்டும் ஒரு மாதிரி சிரித்தார். என்ன சிரிப்பு அது?

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். காதில் வாங்கினாரா தெரியவில்லை. போன வருடம் வாதம் வந்து வலது பக்கம் விழுந்ததிலிருந்து இவருக்குச் சொற்கள் இடம் மாறிவிட்டன. தண்ணீருக்குக் 'கதவு' என்கிறார். என்னைப் 'பிரேக்' என்று கூப்பிடுகிறார். ஆயுசெல்லாம் பஸ் ஓட்டிய மனுஷன். பெயர் பொருத்தமாகத்தான் வந்து விழுந்திருக்கிறது என்று நானே சிரித்துவிட்டேன்.

இப்போது கொஞ்ச நாளாகப் 'பட்டி' என்று ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், பட்டி, பட்டி, பட்டி. சுவர் உரிந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறாரே, பெயிண்டுக்கு முன்னால் பூசுவார்களே அந்தப் பட்டிதான். "அடுத்த வருஷம் பார்க்கலாம், இப்ப அதுக்கு என்ன அவசரம்?" என்றேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மே 6, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் சலவைக் கடைக்குச் சபைப் பாடகர் குழுவின் அங்கிகள் வந்திருக்கின்றன. கோடையில்தான் மொத்தமாகத் துவைப்பது. மூட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாக உதறிக்கொண்டிருந்தேன். ஒன்றில் மட்டும் சீட்டு குத்தியிருந்தது. 'கீழே மடித்துத் தைக்கவும். நல்ல உயரம் குறைக்கவும்.'

கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் நீல நூலில் குறுக்குத் தையல். நான் போட்ட தையல். இவர் குழுவில் பாடிய நாளில், கும்பலில் இவருடைய அங்கி மாறிப் போகக் கூடாது என்று நான் போட்டது.

இவர் அங்கியை யாருக்கு வெட்டுகிறார்கள்? யாரைக் கேட்டு வெட்டுகிறார்கள்?

இஸ்திரி மேஜைக்குக் கீழே தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

மே 8, வியாழன்

தாளம் இன்று கடைக்கு வந்தார். பாடகர் குழுவை நடத்துகிறவர். நடக்கும்போதுகூட விரலால் தொடையில் தட்டிக்கொண்டே நடப்பார், அதனால் தாளம். இவருக்குப் பக்கத்தில் நின்று பாடிப் பழகியவர், இவரை 'அண்ணே' என்று வாய் நிறையக் கூப்பிட்டவர். இவர் படுத்த பிறகு ஒரு தடவை வாசல் மிதித்திருப்பாரா? இல்லை.

"அந்த அங்கி யாருக்கு?" என்று நேராகவே கேட்டேன்.

"நம்ம செயலாளருக்குக்கா. பேஸ் குரலுக்கு ஆள் இல்லல்ல."

மைக்குக்கு! இவர் ஆறடி. மைக் நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது. அதுவும் அந்தக் குரல் பேஸாம், அடிக்குரலாம்! பால் பாத்திரம் உருண்ட மாதிரி ஒரு குரல்.

"அண்ணனுக்கு ஓய்வு வேணும்ல அக்கா. பேச்சே சரியா வரல, பாட்டு எங்க இருந்து வரும்? நாங்களும் கஷ்டப்பட்டுத்தான் முடிவு பண்ணோம்."

என்ன கஷ்டம் பட்டீர்கள்? எங்கள் வீட்டுப் படி ஏறக் கஷ்டப்பட்டீர்களா? பழையபடி சபைக்கு வந்துகொண்டிருந்த மனுஷனைச் சக்கர நாற்காலியோடு கதவோரம், செருப்பு ராக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது யார்? அதற்குப் பிறகுதானே 'வரவில்லை' என்று தலையாட்டத் தொடங்கினார்? இதெல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். தையல் மிஷின் ரிப்பேர் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். மிஷின் நன்றாகத்தான் ஓடுகிறது.

மே 11, ஞாயிறு

எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் யாரையாவது அடித்துவிடுவேன்.

ஆராதனை முடிந்து படி இறங்கும்போது மைக் ஓடி வந்தார். "அக்கா, வர்ற சனிக்கிழமை காலையிலயே உங்க வீட்டுக்கு வந்துடறோம். சமையலும் நீங்களேன்னு சொல்லிட்டீங்க, ரொம்ப வசதியாப் போச்சு. பாத்திரம் தூக்க வேண்டிய வேலை மிச்சம்."

"எங்க வீட்டுக்கு எதுக்கு?"

"அதான்க்கா... அந்த எளிய குடும்பம்..."

நான்தானாம். எளிய குடும்பம் நாங்கள்தானாம்! அன்றைக்கு எழுந்து நின்று, எனக்கே இரக்கப்பட்டு, எனக்கு நானே சமைத்துப் போடுவதாக ஊரறியச் சொல்லி, கைதட்டும் வாங்கியிருக்கிறேன். இதற்குத்தான் அந்தச் சிரிப்பு. பின்னால் நின்ற பெண்கள் ஐக்கியம் முழுவதும் தரையைப் பார்த்தது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியாது.

இத்தனை வருடம் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் அடுப்பு மூட்டியது நான். கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறியது நான். நின்று உழைக்கிறேன், யாரிடமும் போய் நிற்கவில்லை. என்னைப் பார்த்து எளியவளா? யார் கொடுத்தது இந்தப் பட்டம்?

போதகரிடம் போனேன். பாவம், நல்ல மனுஷன், என்னைப் பார்த்ததும் இரண்டு அடி பின்னால் வைத்தார். "நாங்களா எடுத்த முடிவு இல்லம்மா. நீங்க வேலைக்குப் போயிருந்தப்ப அவரைப் பார்க்க வந்தேன். உங்களுக்கு என்ன செய்யட்டும்னு கேட்டேன். பட்டின்னாரு. சரியாத்தான் கேட்டேனான்னு திருப்பிக் கேட்டேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டுப் பட்டி, பட்டின்னாரு. சுவரைப் பார்த்தேன். உரிஞ்சு கிடந்துச்சு. கண்ணெல்லாம் தண்ணிம்மா அவருக்கு. எப்படி விடறது?"

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. இவர் முன்னால் போய் நின்று கத்தினேன். "நான் செத்தா போயிட்டேன்? சுவர் வேணும்னா என்கிட்டக் கேக்குறதுக்கென்ன? ஊரைக் கூட்டிப் பிச்சை கேட்டீங்களா? என் மானத்தை வாங்கவா படுத்துக் கிடக்குறீங்க?"

"பட்டி" என்றார், மெதுவாக.

"வாயை மூடுங்க" என்றேன்.

மூடிக்கொண்டார்.

மே 13, செவ்வாய்

இவரோடு பேசவில்லை. ஜெபமும் பண்ணவில்லை. யாரோடு பேசுவது?

மே 15, வியாழன்

வர வேண்டாம் என்று சொல்லப் போதகர் வீட்டுத் தெரு முனை வரை போனேன். பிறகு நினைத்தேன். வேண்டாம் என்றால் 'எளிய குடும்பம்' என்பதோடு 'திமிர் பிடித்த' என்றும் சேரும். வந்து பெயிண்ட் அடித்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஒருத்தர் வாயிலிருந்து 'பாவம்' என்று வரட்டும், அப்புறம் இருக்கிறது.

மே 17, சனி

வந்தார்கள். வாலிபர் ஐக்கியம் ஒரு பட்டாளம், தலைமைக்கு மைக். எல்லாருக்கும் ஒரே மஞ்சள் பனியன், நெஞ்சில் 'எளியவரோடு நாம்'. அதைப் போட்டுக்கொண்டு என் வாசலில் வரிசையாக நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள்! எதிர் வீட்டு ஜன்னல், பக்கத்து வீட்டு ஜன்னல், எல்லாம் திறந்துகொண்டது. மைக் உள்ளே வந்து கட்டிலில் கிடந்தவர் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டு இன்னொரு படத்துக்கு நின்றார். அந்தப் போனைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன். "சாயங்காலம் போகும்போது வாங்கிக்கங்க."

கட்டிலை நடு அறைக்கு இழுத்துப் போட்டுவிட்டுச் சுவரைச் சுரண்டத் தொடங்கினார்கள். பல் டாக்டர் பெண் ஒருத்தி வந்திருந்தாள். பாடகர் குழுவில் ஆல்டோ பாடுகிறவள். சுவரைச் சொத்தைப் பல் என்று நினைத்தாளோ என்னவோ, ஓர் ஓரத்தில் உட்கார்ந்து நோண்டிக்கொண்டே இருந்தாள். மற்றவர்கள் ஒரு பக்கம் முடித்து அடுத்த பக்கம் போய்விட்டார்கள். எனக்கே சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன், கோபம் கலைந்துவிடக் கூடாது என்று.

பட்டி குழைத்ததும் மைக் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு வந்தார். குழந்தைக்குப் பொம்மை காட்டுகிற மாதிரி ஆட்டி, "ஐயா, இதோ பாருங்க, பட்டி! நீங்க கேட்ட பட்டி! சந்தோஷமா?"

இவர் இடது கையால் விட்டார் ஓர் அடி. டப்பா பறந்தது. மைக்கின் 'எளியவரோடு' முழுக்க வெள்ளை. "பட்டி! பட்டி!" என்று கட்டிலை அடித்துக்கொண்டு அழுகிறார். பெரிய ஆள் அழுதால் பார்க்கச் சகிக்காது. பின்னாலிருந்து யாரோ சொன்னது கேட்டது: "பாவம், புத்தியும் போயிடுச்சு போல."

வந்துவிட்டது அந்தச் சொல். துடைப்பத்தை எடுத்தேன். எல்லாரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பேன், சத்தியமாக.

அந்த மூலையில் பல் டாக்டர் எதையும் கவனிக்காமல், காதில் எதையோ மாட்டிக்கொண்டு, ஆராதனை முடிவில் பாடுவோமே அந்தப் பாட்டை முணுமுணுத்துச் சுரண்டிக்கொண்டிருந்தாள். இரண்டாவது அடிக்கு வந்தாள். அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது. கீழ் ஸ்தாயியில், கட்டையாக, கரகரவென்று. ஆனால் வார்த்தைகள்! ஒரு வார்த்தை மாறவில்லை. 'தண்ணீர்' என்ற இடத்தில் தண்ணீர் என்றே பாடினார். தண்ணீர் என்று!

அடி முடிந்ததும் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். கண்ணெல்லாம் சிவந்து, மூக்கு ஒழுகி, "பட்டி" என்றார்.

ஐயோ.

"பாட்டா?" என்றேன். "பாட்டா கேட்டீங்க? சனிக்கிழமை ப்ராக்டீஸா?"

இடது கையால் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். அந்தக் காலத்தில் நான் தவறான பஸ்ஸில் ஏறி வந்து நின்றால் அடித்துக்கொள்வாரே, அதே அடி. இப்பவாவது விளங்குச்சா தாயே என்று.

பாட்டு கேட்டவருக்குப் பட்டி கொண்டுவந்திருக்கிறார்கள். நான் மட்டும் என்ன கொடுத்தேன்? வாயை மூடுங்கள் என்றேன்.

பல் டாக்டரின் போனில் தாளத்தைக் கூப்பிட்டேன். "அண்ணன் பாடறாரு, வந்து கேளுங்க" என்றேன். "ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிருப்பாருக்கா. எனக்கு இன்னைக்கு வேற வேலை இருக்கு" என்றார்.

சரி. எனக்கும் நாளைக்கு வேலை இருக்கிறது.

ஒரு சுவர்தான் பட்டி பூசியிருந்தது. மிச்சத்தை நிறுத்தச் சொன்னேன். எல்லாருக்கும் சோறு போட்டேன். வயிறு என்ன பாவம் செய்தது? மைக் சாப்பிட்டுக்கொண்டே, "அக்கா, என் அங்கி ரெடியாயிடுச்சா?" என்று கேட்டார். "நாளைக்குச் சபைக்கு வந்துடும்" என்றேன்.

மே 18, ஞாயிறு

காலையில் இவருக்குச் சவரம் செய்து, அந்த அங்கியைப் போட்டுவிட்டேன். மடிக்கவில்லை, வெட்டவில்லை. நானே இஸ்திரி போட்டது, ஒரு சுருக்கம் கிடையாது. வலது கையை நுழைக்கத்தான் படாத பாடு பட்டோம்.

முதல் பாட்டுக்குச் சபை எழுந்து நிற்கும்போது நடுப்பாதையில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். கதவோரத்தில் இடம் காட்டியவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சக்கரம் ஒன்று கிறீச்சிட்டது. கிறீச்சிடட்டும். நேராகப் பாடகர் வரிசைக்கு, பேஸ் ஆட்கள் முனைக்கு. அங்கே மைக் அங்கி இல்லாமல் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

தாளத்தின் கை அந்தரத்தில் நின்றது. "அக்கா, என்ன இது..."

"சலவைக்கு வந்த துணி," என்றேன். "சொந்தக்காரர்கிட்ட ஒப்படைச்சிட்டேன்."

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் மைக்கின் கையில் மைக் இருந்தது. சபை முழுக்கக் கேட்டுவிட்டது.

முன்வரிசையிலிருந்து போதகர், "பாட்டு நிக்குதே" என்று மட்டும் சொன்னார். தாளம் கையை இறக்கினார். பாடினார்கள். இவர் இழுத்து இழுத்து, எல்லாரும் ஓர் அடி முடித்த பிறகு தான் முடித்தார். சில இடத்தில் குரலே எழவில்லை. அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது பாட்டில் தாளம் வேகத்தைக் குறைத்தார். மைக் பாட்டுப் புத்தகத்தை இவர் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கு மட்டும் அவர் உயரம் சரியாக இருந்தது.

ஜூன் 7, சனி

ப்ராக்டீஸ் இப்போது எங்கள் வீட்டில். ப்ராக்டீஸ் நடக்கும் மாடி மண்டபத்துக்கு நாற்காலி ஏறாது என்றேன். அப்படியானால் இங்கேயே வருகிறோம் என்றது பல் டாக்டர். நான் அழைக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சுவர்கள் அப்படியே நிற்கின்றன. ஒன்று வெள்ளை, மூன்று சுரண்டினது. பெயிண்டுக்கு எப்போது வரட்டும் என்று மைக் கேட்டார். பனியனைக் கழற்றி வைத்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றேன்.

தாளத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. போகவும் போகாது. ஆறு மணிக்கு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே உள்ளே பார்த்துக் கத்தினார்: "அண்ணே, பட்டிக்கு நேரமாச்சு!"

கட்டிலிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. தாளத்துக்கும் சேர்த்துத்தான் டீ போட்டேன். அந்த டம்ளரில் மட்டும் சர்க்கரை போடவில்லை.