அப்புச்சி அல்லாதவர் படம்

வாழவந்தி நாடு, கொல்லிமலை
தாது வருஷம் கார்த்திகை 14

மகன் அருணாசலத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நடமாட்டமாக இருக்கிறோம், ரங்கூனில் நீ சுகம் என்பது போன கடிதத்தில் தெரிந்தது. நீ செய்தது தப்பு. யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவன் படத்தை ஸ்டூடியோவில் பெரிதாக்கி, நெற்றியில் விபூதியும் தோளில் துண்டும் எழுதச் சொல்லி, கண்ணாடி போட்டு, அப்புச்சி படம் என்று உன் மாமன் வீட்டுக்கு அனுப்பினாய். ஆறு மாதமாக அதன் முன்னால் விளக்கு எரிகிறது.

அது எந்தப் படம் என்று எனக்குத் தெரியும். நீ கப்பலேறப் போனபோது உன் அப்புச்சி, என்னைப் பெற்றவர், தம்மிடம் இருந்த பட அட்டைகளில் ஒன்றை உன்னிடம் கொடுத்தார், தலையில் சிவப்புத் துணி சுற்றிய கிழவன். என் அப்பனும் சிவப்புத் துண்டு கட்டுவார், அவ்வளவுதான், மற்றபடி மூக்கும் ஒட்டாது முகவாயும் ஒட்டாது. பார்சலைப் பிரித்ததும் உன் மாமன் அர்த்தனாரி அப்பா என்று அழுதுவிட்டான். அப்பனைப் போட்டோ பிடித்தவர் ஒருவரும் இல்லை, ஒரு முகம் கிடைத்தால் போதும் என்றிருந்தான். இது அவர் இல்லை என்றேன். அவன் பெண்டாட்டி பழனாயி, வந்திருந்த சனம் கேட்க என்னைக் காட்டி, "பள்ளிக்கூடம் போகாமயே எழுத்துக் கூட்டக் கத்துக்கிட்ட நங்கைக்கு, பெத்த அப்பன அடையாளம் தெரியலீங்களே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் வந்துவிட்டேன், அதற்குப் பிறகு அந்த வீட்டில் கை நனைக்கவில்லை.

மீதி இருபது அட்டைகளும் என்னிடம் இருக்கின்றன. அப்புச்சி காப்பித் தோட்டத்துத் துரைக்குச் சமையல் செய்தவர். துரைக்கு மலைக்காய்ச்சல் கண்டபோது டோலி கட்டிக் காளப்பநாயக்கன்பட்டி வரைக்கும் தூக்கிப்போனதில் ஒரு தோள் அவருடையது. சீமைக்குப் போன துரை வருஷம் ஒரு அட்டை அனுப்பினார். அங்கே கையால் தீட்டிய படங்களைப் பெரிய மாளிகைகளில் மாட்டி ஊர்ச் சனம் பார்க்க வைத்திருப்பார்களாம், வாசலில் அவற்றையே அட்டையில் அச்சடித்து விற்பார்களாம். அப்புச்சி கையைக் கழுவித் துடைத்துவிட்டு ஓரத்தை மட்டும் பிடித்து எடுப்பார். சாமி படம் என்று கும்பிட்டதில்லை, சமையல்காரனாகத்தான் பார்த்தார். பால் ஊற்றும் பெண்ணைக் காட்டி, "ஒரு சொட்டுச் சிந்தல பாரு, இவள நம்பி அடுப்படிய உடலாம்" என்பார். தட்டில் மீன் வைத்த படத்துக்கு, வயிற்றைக் கீறாமல் வைத்திருக்கிறார்களே, இதை எப்போது தின்பது என்று கேட்பார். துணியில்லாத பெண்பிள்ளைகள் இரண்டு அட்டையில் உண்டு. அவற்றைத் தகரப்பெட்டியின் அடியில் கவிழ்த்து வைத்து, துரை மறந்தாற்போல அனுப்பிவிட்டார் என்று சொல்லிவிட்டார். உனக்குக் கொடுத்ததைப் பற்றியும் சொல்கிறேன். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் இந்த ஆள் என்னையே முறைக்கிறான், பையனோடு கடல் தாண்டட்டும் என்றார். தமக்குப் பிடிக்காத ஒரே முகத்தைத்தான் உன்னிடம் தள்ளிவிட்டார். அதைத்தான் நீ திருப்பி அனுப்பினாய்.

வருகிற தையில் தலைத்திவசம். அந்தப் படத்துக்கு மாலை போட்டுப் படைக்கப் போகிறார்கள். அர்த்தனாரி பிள்ளைகள் அதைக் காட்டித் தாத்தா என்கிறார்கள். அது கூடப் பரவாயில்லை. இப்போது கண்ணை மூடினால் எனக்கே அந்த ஆள்தான் முதலில் வருகிறான். அப்பன் முகம் வர நேரமாகிறது. முந்தாநாள் வரவே இல்லை.

மிளகுக் கொடி இந்த வருஷம் நன்றாகப் பிடித்திருக்கிறது. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி, மலை இறங்குவதில்லை. நீ அங்கே கண்ட தண்ணீரைக் குடிக்காதே, காய்ச்சிக் குடி.

இனி நடக்க வேண்டியது. இது யார் படம் என்று நீ உன் கையால் மாமனுக்கு எழுத வேண்டும், தை பிறக்குமுன் கடிதம் வந்து சேர வேண்டும். மாமன் படத்தை இறக்கிப் பரணில் வைக்க வேண்டும், உடைக்க வேண்டாம், அந்த மனிதன் ஒரு தப்பும் செய்யவில்லை. திவசத்துக்கு வேட்டி துண்டு வைத்துப் படைத்தால் போதும். பழனாயி தன் பிள்ளைகளிடம் அது தாத்தா இல்லை என்று அவள் வாயால் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு நான் அங்கே சாப்பிடுவேன்.

ஆயுசோடும் நல்ல புத்தியோடும் இரு கண்ணு. மறந்துவிடாதே, ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த அட்டையைக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டு, அப்புச்சி முகம் எப்படி இருந்தது என்று உனக்கு நினைவிருப்பதை எழுதி அனுப்பு, காது, பல், புருவம் எல்லாம். நானும் எழுதி மடித்து வைத்துவிட்டேன். உன்னுடையது வந்த பிறகுதான் பிரிப்பேன்.

உன் அம்மா
மாராயி