தண்ணீர் குடித்த தோல் தவளை

ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை இரவு.

பொங்கல் அன்று வந்த சண்டைக்குப் பிறகு, மருமகன் இன்றுதான் என்னோடு பேசினார். விரால் பிடிக்க ஏரிக்குக் கூப்பிட்டேன், வந்துவிட்டார். விராலின் மனசு தெரிந்த ஆள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான். ஆம்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அவருடைய டப்பா நிறைய, தூண்டிலில் மாட்டும் ரப்பர் தவளைகள். நானோ ஷூ கம்பெனித் துண்டுத் தோலில் என் கையாலேயே ஒன்று தைத்துக்கொண்டு போயிருந்தேன். நிஜத் தவளை பார்த்தால் அண்ணா என்று கூப்பிடும்.

"மாப்ள, ரப்பரை உள்ள வைங்க. ஆட்டுத் தோல் வாசனைக்கு விரால் ஓடியாரும் பாருங்க" என்றேன்.

வீசினேன். கொஞ்ச தூரம் அழகாக மிதந்தது. விராலும் மேலே துள்ளும் தவளையைத்தான் பாய்ந்து பிடிக்கும். ஆனால் தோல் தண்ணீரைக் குடித்துக் குடித்து, கல் மாதிரி உள்ளே போய்ப் பாசியில் மாட்டிக்கொண்டது.

"இன்னா மாமா, நீச்சல் கத்துக் குடுக்காம கூட்டியாந்துட்டீங்களா?"

சிரித்தார். பதிலுக்கு ஏதாவது சொல்லி மறுபடியும் பேஜார் ஆகிவிடப் போகிறது என்று, மாட்டிய நூலை இழுக்க ஆரம்பித்தேன். அவரே சொன்னார்: "மழை ஷூவுக்குப் போடுற தோல் தண்ணி குடிக்காது மாமா. அதுல தைங்க. எனக்கும் ஒண்ணு."

வெறுங்கையோடுதான் திரும்பினோம். ராத்திரி மகள் போன் செய்தாள். பத்துக் கிலோ விரால் நூலை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது என்றேன்.

போனில் அவள் பக்கத்திலிருந்து மருமகன் குரல் கேட்டது: "பத்தா? பன்னெண்டு இருக்கும்!"